பட்டாலை ஷெல்ஃபில் ரேடியோ, இசைத்தட்டு, அச்செழுத்து: எதை எங்கே வைப்பது?

கேட்டது இது: கானாடுகாத்தானில் ஐயா காலத்து வீடு. பட்டாலையில், அதாவது கூடத்தில், ஆறடி அகலத்தில், மூன்று அடுக்குள்ள தேக்கு ஷெல்ஃப் ஒன்று காலியாகக் கிடக்கிறது. மேல்மாடி அறையிலிருந்து ஒரு வால்வ் (கண்ணாடிக் குழல்) ரேடியோ, சூட்கேஸ் போல மூடும் கிராமபோன், முப்பது இசைத்தட்டு, ஒரு கட்டுப் பழைய பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், பர்மாவிலிருந்து வந்த தந்திகள், கடிதங்கள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. மூடிப்போன அச்சகத்தில் வாங்கிய ஒரு பெட்டி ஈய எழுத்தும் இருக்கிறது. தை மாதம் தங்கச்சி கல்யாணத்துக்கு வீடு திறக்கும்போது, வருகிறவர்கள் நின்று பார்க்கும்படி இவற்றை அடுக்க வேண்டும். இன்னும் என்னென்ன வாங்கிச் சேர்க்கலாம்?

தம்பி, முதலில் வாங்குகிற எண்ணத்தை விடுங்கள். உங்களிடம் இருப்பதே ஆறடிக்கு அதிகம். காரைக்குடியில் முப்பத்தொரு வருஷம் ரேடியோ சர்வீஸ் செய்தவன் நான். செட்டிநாட்டு வீடுகளில் நான் பார்த்த பழம்பொருள் அலமாரிகளில் பெரும்பாலானவை நவராத்திரிக் கொலு மாதிரி நிறைந்திருந்தன. ரேடியோவுக்குப் பக்கத்தில் எனாமல் தூக்குவாளி, அதன் பக்கத்தில் பீங்கான் ஜாடி, நடுவில் ஒரு டெலிபோன். கண்ணுக்கு அழகுதான். ஆனால் எந்தப் பொருளும் எதையும் சொல்லாது. வந்தவர் "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்.

இந்த ஷெல்ஃபில் எது ஏறலாம், எது ஏறக்கூடாது என்று பிரிக்க நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். ஒரு வாய் பேசிப் பல காது கேட்டதா, ஒரு கை எழுதிப் பல கண் படித்ததா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது வெகுஜனத்துக்குப் போன பொருள், ஷெல்ஃபில் ஏறட்டும். ரேடியோ, இசைத்தட்டு, பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், ஈய எழுத்து எல்லாம் இந்த வகை. தந்தியும் கடிதமும் அப்படியில்லை. ஒருவர் இன்னொருவருக்கு மட்டும் சொன்ன வார்த்தை அது. பர்மாத் தந்தியில் என்ன இருக்கும்? சாவுச் செய்தி, பணம் அனுப்பிய செய்தி, கப்பல் ஏறிவிட்டேன் என்ற செய்தி. அதைக் கல்யாணத்துக்கு வருகிற நானூறு பேர் பார்வைக்கு வைப்பது முறையில்லை. தனியாக ஒரு இழுப்பறையில், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். குடும்பத்தார் கேட்டால் எடுத்துக் காட்டலாம். 2013 ஜூலையோடு தந்தி சேவையே நின்றுபோனது, இனி அப்படி ஒரு தாள் எந்த வீட்டுக்கும் வராது. அதனால்தான் அதை வெளிச்சத்தில் வைத்து மங்க விடக்கூடாது என்கிறேன்.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

அதைக் கரண்டில் சொருகாதீர்கள். "ஒரு தடவை பாடுதான்னு பார்த்துட்டு" என்று எல்லோரும் கேட்பார்கள். பார்க்கவே கூடாது. உள்ளே உள்ள தாள் கண்டென்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கும் உறுப்புகள்) இத்தனை வருஷத்தில் கசிய ஆரம்பித்திருக்கும். மின்பகுப்புக் கண்டென்சர் காய்ந்துபோயிருக்கும். வால்வுக்குப் போகும் அழுத்தம் 200 வோல்ட்டுக்கு மேல். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஆசைப்பட்டுச் சொருகினான். வால்வ் சூடேற அரை நிமிஷம் ஆகும், அந்த அரை நிமிஷத்தில் பாட்டுக்குப் பதில் புகை வந்தது. டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது, அந்த செட்டை என்னால் மீட்க முடியவில்லை. அதைவிட ஆபத்து டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏ.சி./டி.சி. செட்டுகள். டி.சி. மின்சாரம் இருந்த ஊர்களிலும் ஓடவேண்டும் என்று செய்யப்பட்டவை அவை. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே நேராக மெயின் கரண்டில் தொடுத்திருக்கும். குமிழ் கழன்ற இடத்தில் தண்டைத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. உங்கள் செட் எந்த வகை என்று பின்பக்க அட்டையைத் திறந்து ஒரு அனுபவஸ்தர்தான் சொல்ல முடியும். அதுவரை ஒயரை வெட்ட வேண்டாம், அதுவும் அந்தக் காலத்துப் பொருள்தான். பிளக்கை மட்டும் கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு, பெட்டிக்குப் பின்னால் கட்டிவிடுங்கள். பிளக் இல்லாவிட்டால் யாருக்கும் சொருகத் தோன்றாது.

ஆனால் டயல் எரிய வேண்டும். எரியாத டயல் கண் மூடிய முகம் மாதிரி இருக்கும். அதற்கு வழி உண்டு. மஞ்சள் வெளிச்சம் தரும் சிறு எல்.இ.டி. பட்டை ஒன்றை டயல் கண்ணாடிக்குப் பின்னால், பழைய பல்பு இருந்த இடத்தருகே வைத்து, செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் எரியவிடலாம். ரேடியோவின் சொந்த ஒயரிங்கில் ஒரு கம்பியைக்கூடத் தொட வேண்டியதில்லை. அந்த வெளிச்சத்தில் டயல் மேல் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்கள் தெரியும்போது வந்தவர்கள் குனிந்து படிப்பார்கள். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டயல் கண்ணாடியின் பின்புறத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. ஊர்ப்பெயர்களும் எண்களும் பின்புறம்தான் அச்சாகியிருக்கும், பழைய மை ஒரே துடைப்பில் வந்துவிடும். முன்புறத்தை மட்டும் துடையுங்கள், அதுவும் உலர்ந்த மென்துணியால்.

ரேடியோவுக்குப் பக்கத்தில் என்ன வைப்பது என்றால், ரேடியோவின் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி வைக்கச் சொல்வேன். இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், ரேடியோ வைத்திருக்க அரசாங்க அனுமதி வேண்டியிருந்தது. தந்திச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் எடுத்து, வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. உங்கள் வீட்டில் கணக்குப் பேரேடுகள் உள்ள பெட்டியில் அந்தச் சிறு புத்தகம் நிச்சயம் கிடக்கும், செட்டிநாட்டில் காகிதத்தைத் தூக்கியெறிகிற வழக்கம் இல்லை. அதில் செட்டின் பெயர், எண், உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்கும். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து ரேடியோவுக்கு முன் வையுங்கள். முகவரி தெரியும் வரியை மறைத்துவிடலாம். "ஒரு பழைய ரேடியோ" அப்போது "ஐயா வாங்கிய ரேடியோ" ஆகிவிடும். கடைக்காரர் ஒட்டிய சிறு உலோகத் தகடோ லேபிளோ பின்பக்கம் இருந்தால் அதையும் சுரண்டி எடுக்காதீர்கள். பாலிஷ் போடுகிறவர்கள் முதலில் பிய்ப்பது அதைத்தான்.

யார் கேட்டார்கள் என்பதையும் ஷெல்ஃப் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பு வானொலி அதற்கு முன்பே, 1925-ல் வந்துவிட்டது. நம் பகுதிக்கு இரண்டும் கிட்ட. அதனால் எந்த வீட்டு டயலைப் பார்த்தாலும் முள் அடிக்கடி நின்ற இடங்கள் இந்த இரண்டாகத்தான் இருக்கும். ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே உட்காரும். பள்ளத்தூரில் ஒரு ஆச்சி வீட்டு செட்டைச் சரிசெய்யப் போனபோது அவர் சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது: "ரங்கூன்ல குண்டு போட்டுட்டானாம்னு கேட்ட அன்னிக்கு இந்த வீதியில ஒரு வீட்லயும் அடுப்பு எரியலப்பா." 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு வீசின, அடுத்த மார்ச்சில் நகரமே கைமாறியது. கடையும் வயலும் கடன் பத்திரமும் அங்கே இருந்த குடும்பங்களுக்கு அந்தப் பெட்டியின் குரல் என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது அப்படி ஒன்று சொல்லியிருந்தால், சொன்னபடியே ஒரு தாளில் நாலு வரி எழுதி ரேடியோவின் பக்கத்தில் வையுங்கள். கம்பெனிப் பெயர், மாடல், வால்வ் எண்ணிக்கை எழுதிய அட்டையைவிட அந்த நாலு வரிக்குத்தான் ஆட்கள் நிற்பார்கள்.

கிராமபோனைப் பற்றி: உங்களிடம் இருப்பது கறுப்பு சூட்கேஸ் வகை என்றால் அதிர்ஷ்டம். 1931-ல் வந்த எச்.எம்.வி. 102 என்ற மாடல் நம் நாட்டில் நிறைய விற்றது, உங்களுடையதும் அதுவாக இருக்கலாம். பழம்பொருள் கடைகளில் பளபளவென்று பித்தளைக் கொம்பு வைத்த கிராமபோன்களைப் பார்த்து, அது இல்லையே என்று ஏங்க வேண்டாம். அவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சூட்கேஸ் செட்டுகளின் மோட்டாரைப் பிடுங்கி, புதிய பெட்டியும் புதிய கொம்பும் பொருத்திச் செய்தவை. கொம்பின் தகடு மெல்லியதாக இருக்கும், எச்.எம்.வி. முத்திரையான நாய்ப் படம் ஸ்டிக்கராக இருக்கும், பெட்டியின் உட்புறம் பிளைவுட் வாசனை அடிக்கும். ஒரு பொய்யான கொம்புக்காக ஒரு உண்மையான சூட்கேஸ் செத்திருக்கிறது. அதை வாங்கி அந்த வேலைக்குக் கூலி கொடுக்காதீர்கள்.

அதை மூடி திறந்த நிலையில் வையுங்கள், ஒரு இசைத்தட்டு மேலே இருக்கட்டும். ஸ்பிரிங்கை முழுக்க முறுக்கியபடி விடக்கூடாது. ஊசியைத் தட்டின் மேல் உட்கார வைக்கவும் வேண்டாம்.

இசைத்தட்டுகளைத் துடைக்கும்போது ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தத் தட்டுகள் அவலரக்கால் ஆனவை. தச்சர் ஸ்பிரிட்டில் கரைத்து உங்கள் தேக்குத் தூணுக்குப் பாலிஷ் போடுகிறாரே, அதே அரக்கு. ஸ்பிரிட் பட்டால் பாட்டு கரைந்துவிடும். நம் காட்டு மரங்களில் பூச்சி வைத்த அரக்கு உலகம் முழுக்கப் போய்த் தட்டாகத் திரும்பியது. 1908-ல் கல்கத்தாவில் ஆலை வந்த பிறகு இங்கேயே அடிக்க ஆரம்பித்தார்கள். தூரிகையால் தூசி தட்டினால் போதும். முப்பதையும் அடுக்கிப் படுக்க வைக்காதீர்கள், அடியில் உள்ளது விரிசல் விடும். நிமிர்த்தி, சாயாமல், உறையோடு நிறுத்துங்கள். ஒரு தட்டு ஏறத்தாழ 200 கிராம், முப்பதும் சேர்ந்தால் ஆறு கிலோ. ரேடியோ பத்துக் கிலோவைத் தாண்டலாம். அதனால் கீழ் அடுக்கில் இசைத்தட்டும் கிராமபோனும், கண்மட்டத்தில் ரேடியோ, மேல் அடுக்கில் காகிதம் என்று நான் வைப்பேன். ஷெல்ஃபின் நடுப்பலகை ஆறடிக்கும் ஒரே பலகை என்றால் ரேடியோவை நடுவில் வைக்காமல், தாங்கு கட்டை இருக்கும் ஓரமாக வையுங்கள்.

தட்டுகளின் லேபிளைப் பாருங்கள். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார் சினிமாவுக்கு வருமுன் இசைத்தட்டு வியாபாரத்தில்தான் இறங்கினார், சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில். பிறகு 1940களில் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தினார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம்தான். உங்கள் பாட்டுப் புத்தகக் கட்டில் அந்தப் படத்துப் புத்தகமோ, அந்த நிறுவனத்தின் இசைத்தட்டோ இருந்தால் அது ஷெல்ஃபின் நடுநாயகமாக வர வேண்டும். கானாடுகாத்தானுக்குப் பக்கத்து மண்ணிலிருந்து கிளம்பி நாடு முழுக்கக் கேட்ட குரல் அது. பாட்டுப் புத்தகம் என்றதும் சிலர் அலட்சியம் செய்கிறார்கள். கொட்டகை வாசலில் சில்லறைக்கு விற்ற மெல்லிய புத்தகம்தான். ஆனால் படம் பார்க்க முடியாதவர்களும் அதை வாங்கிப் பாடினார்கள்.

காகிதத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும்: அசல் உள்ளே, நகல் வெளியே. பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது, அதன் புளிப்பும் வெளிச்சமும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். செட்டிநாட்டு வீட்டில் கலர்க் கண்ணாடி வழியே வரும் காலை வெயில் பார்க்க எத்தனை அழகோ, தாளுக்கு அத்தனை கேடு. நல்ல ஸ்கேன் எடுத்து, அதே அளவில், பழுப்புத் தாளில் அச்சிட்டால் இரண்டடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. லேமினேட் செய்வது, செல்லோ டேப் ஒட்டுவது இரண்டும் தாளைக் கொல்கிற வேலை. அசல் கட்டுக்குள் வசம்பைத் துணியில் முடிந்து வையுங்கள். நம் ஊரில் ராமபாணத்துக்கு, அதாவது தாளை அரிக்கும் பூச்சிக்கு, பழைய மருந்து அதுதான்.

எந்தப் பத்திரிகை வெளியே வருவது என்றால், ஆனந்த விகடனும் (1926) கல்கியும் (1941) எல்லா வீட்டிலும் இருக்கும், இருக்கட்டும். ஆனால் கட்டை நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். ராய. சொக்கலிங்கம் நடத்திய ‘ஊழியன்’, சொ. முருகப்பா நடத்திய ‘குமரன்’ இரண்டும் காரைக்குடியிலிருந்து வெளிவந்தவை. பாரதி 1919-ல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தாரே, அந்தச் சூழலில் வளர்ந்த ஆட்கள் அவர்கள். இதில் ஒரு இதழ் கிடைத்தால் மற்றதையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டு அதை வையுங்கள். 1939-ல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் விழாவின் நோட்டீஸ், நாடக நோட்டீஸ், ஊர்வல நோட்டீஸ் என்று ஒற்றைத் தாளாகக் கிடப்பவையும் அப்படியே. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பிறர் குப்பை என்று நினைத்த நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக்கியது. உங்கள் கட்டில் என்னவென்று புரியாத பழைய தாள் இருந்தால், எடைக்குப் போடுமுன் அந்த நூலகத்தில் காட்டுங்கள்.

ஈய எழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு இதில் கை பழக்கம் குறைவு, ஆனால் ஷெல்ஃபில் சின்னப் பிள்ளைகளை இழுக்கப் போவது இதுதான். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி, தரங்கம்பாடி அச்சகம் வழியாக, காலால் மிதித்து ஓட்டும் நம் ஊர் டிரெடில் மெஷின் வரை வந்த வம்சம் அது. எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கும். ஆகவே தங்கச்சி பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் அச்சுக்கோத்து நூலால் கட்டி நிறுத்தி, எதிரே ஒரு சிறு கண்ணாடியை வையுங்கள். கண்ணாடிக்குள் பெயர் நேராகத் தெரியும். எழுத்துகளைக் கோக்கும்போது ணை, லை, னை ஆகியவற்றைக் கவனியுங்கள். யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய வடிவம் இருந்தால் அந்த எழுத்து 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வார்ப்பாக இருக்கலாம். ஈயத்தோடு வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்த உலோகம் அது, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பந்தியில் உட்காரக் கூடாது. எழுத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கியெறியுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரமும் மேலே ஒரு கண்ணாடி மூடியும் கட்டாயம்.

டி.வி. வேண்டாம். ஷட்டர் போட்ட பழைய டி.வி. ஒன்றைச் சேர்க்க எல்லோரும் சொல்வார்கள், அதன் எடைக்கும் பிக்சர் டியூபுக்கும் ஷெல்ஃப் இடமில்லை. இருந்தால் கீழே தரையில் தனியாக இருக்கட்டும்.

இனி சுவர். அந்தச் செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடித்தால் சில்லு சில்லாகப் பெயர்ந்துவிடும், அந்தக் கை வேலையைத் திரும்பக் கொண்டுவர இன்று ஆள் கிடைப்பது அரிது. படமோ நகலோ எதுவானாலும் ஷெல்ஃபிலேயே சாய்த்து வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் முற்றத்தில் மழை கொட்டும்போது சுண்ணாம்புச் சுவர் குளிர்ந்து ஈரம் வாங்கும், ஷெல்ஃபின் முதுகு சுவரைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கால்களுக்கு அடியில் கறையான் மண் தெரிகிறதா என்று இப்போதே பாருங்கள், தை வரை காத்திருக்க வேண்டாம். மூன்று அடுக்கிலும் சேர்த்து ஏழு எட்டுப் பொருள் போதும். ரேடியோவுக்கு இரு பக்கமும் ஒரு முழம் வெறுமையாக இருக்கட்டும். மிஞ்சியவை இழுப்பறையில் காத்திருக்கும், அடுத்த விசேஷத்துக்கு மாற்றி வைக்கலாம்.

கல்யாணத்தன்று ஷெல்ஃப் பக்கத்தில் பெரியவர் ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கேட்பவர்களுக்குச் சொல்லவும் ஆகும், குமிழைத் திருகும் கையைத் தடுக்கவும் ஆகும். எல்லாம் முடிந்து வீட்டைப் பூட்டும் நாளில் சார்ஜரைக் கழற்றுங்கள். டிரான்சிஸ்டர் ஏதும் வைத்திருந்தால் செல்லை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கசிந்து உள்ளே எல்லாம் பச்சை பூக்கும். கிராமபோன் ஸ்பிரிங்கைத் தளர்த்தி மூடியைச் சாத்துங்கள். ரேடியோ மேல் பாலிதீன் போடாமல் பழைய வேட்டியைப் போர்த்துங்கள், உள்ளே மூச்சு போக வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மாதம் ஒரு தடவை பட்டாலைக் கதவைத் திறந்து காற்று விடச் சொல்லுங்கள், வசம்பு முடிச்சையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள்.